லிடியாவின் பரோலோ

கணவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1993-இல், திண்டுக்கல் லிடியா இத்தாலிக்குப் போனாள். பரோலோ என்ற மலையூரில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாளின் மகன் பியெத்ரோவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அக்டோபர் பனிமூட்டத்தில் பழம் பறிக்க ஆள் போதாதபோது லிடியாவும் கூடையோடு இறங்கிவிடுவாள்.

1996-இல் அப்படிப் பறித்த பழம், பெரிய மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் கிடந்து, ஊர்ப் பேரிலேயே பரோலோ என்ற ஒயினாயிற்று. 2001-இல் ஊர் திரும்பியவளிடம் பியெத்ரோ அதில் இரண்டு பாட்டில் கொடுத்தார்.

"இப்ப இது முரடு. 2008 வரைக்கும் தொடாதே. குளிர்ச்சியான இருட்டுல படுக்க வை" என்றார்.

வீட்டில் யார் கேட்டார்கள்? வந்த வாரமே தம்பி பிராங்கிளின் ஒன்றைத் திறந்துவிட்டான். ஒரு வாய்தான் குடித்தான்.

"என்னக்கா, பச்சைப் பாக்கைக் கடிச்ச மாதிரி நாக்கைப் பிடிச்சு இழுக்குது. கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்ல போடுற ஒயின் எம்புட்டு இனிப்பா இருக்கும். உன்னைய நல்லா ஏமாத்திட்டாய்ங்க."

"அந்தத் துவர்ப்புதான்டா அதைக் கெடாம வச்சிருக்கும். அதுக்கு நேரம் குடுக்கணும்."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்து கஷாயம் கொண்டுவந்தவள் என்று பேராகிவிட்டது.

திண்டுக்கல் வெயிலில் மற்ற பாட்டில் தாங்காது. கொடைக்கானலில் ஒரு பழைய கல் பங்களாவுக்குக் காவலாக இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஞானராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை நிலவறையில் படுக்க வைத்தார். நடுவில் ஒருமுறை, தன் கடைக்கு வேண்டிய பெரிய வியாபாரிக்குப் பரிசாகக் கொடுக்க பிராங்கிளின் அதைக் கேட்டான். லிடியா மறுத்துவிட்டாள். கொஞ்ச காலம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

2008 கிறிஸ்துமஸுக்கு ஞானராஜ் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். அடியில் மண்டி படியட்டும் என்று லிடியா அதை நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் காலை திறக்கும்போது கார்க் பாதியில் உடைந்தது. மீதியை மெல்லத் திருகி எடுத்தாள். ஒயினைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காற்றாட விட்டாள்.

மத்தியானம் பிரியாணிக்கு முன் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பிராங்கிளின் கிளாஸை வாங்கி முகர்ந்தான்.

"காஞ்ச ரோசாப்பூ வாசம். புகையிலையும் இருக்கு. கீழ தார் வாசம் கூட வருது" என்றான்.

அப்புறம் குடித்தான். துவர்ப்பு இருந்தது, ஆனால் பட்டு மாதிரி இறங்கியது. விழுங்கிய பிறகும் ருசி போகவில்லை. கிளாஸைக் காலி செய்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா."

லிடியா தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தாள். கஷாயம் என்று சொன்ன அத்தனை பேரும் கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"திறக்காம வச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் நின்னிருக்கும்" என்றாள்.

எண்பதைத் தாண்டிய சித்தி வியாகுலம்மாள் எவர்சில்வர் டம்ளரை முன்னே தள்ளினார்.

"அது நிக்கும், நான் நிப்பேனா? ஊத்துடி."