நொச்சியும் வெள்ளித் தண்ணீரும்

அன்று வீட்டில் இருந்தது நான். என் மனைவி. நாகர்கோவில் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் அவள் அக்காள் மகள். பிறகு, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் இருந்து நான் கொண்டுவந்த கொசுப்புழுக்கள்.

மழையில் பால்வெட்டு இல்லை. சிரட்டைகளில் தண்ணீர் நின்றது. கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாரும் வைப்பதில்லை. போன மழைக்கு என் மனைவிக்கு டெங்கு வந்தது. பிழைத்தாள். இன்னொரு தடவை வந்தால் தாங்குவது கஷ்டம் என்றார் டாக்டர். எங்கள் கீரிப்பாறையில் கொசு இல்லாத இடம் எது?

அந்தப் பெண் எங்கள் அடுப்பில் நொச்சி இலையை வேகவைத்தாள்.

"ஏட்டி, எனக்க சாயாச் சட்டிதானா ஒனக்குக் கெடச்சுது?"

"புதுசு வாங்கித் தாறேன் சித்தி. இந்தக் குப்பியில கைய வைக்காதீங்க, கறுத்துப்போவும்."

கறுப்புத் தாள் சுற்றிய குப்பியில் வெள்ளி உப்பு கரைத்த தண்ணீர். பார்க்க வெறும் தண்ணீர்தான். அதில் நொச்சிச் சாறை ஊற்றி வெயிலில் வைத்தாள்.

மஞ்சள் வந்தது. பிறகு சாயா நிறம். பிறகு காய்ந்த ரத்தம். அடியில் தீ இல்லை. யாரும் தொடவில்லை. நிறம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"உப்புல இருந்து வெள்ளி பொடியாப் பிரியுது சித்தப்பா. கண்ணுக்குத் தெரியாத பொடி."

"கண்ணுக்குத் தெரியாததுதானே மக்கா பயம்" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

அக்காள் மகள் இரண்டு கிண்ணங்களில் புழுக்களை விட்டாள், ஒன்றுக்கு இருபத்தைந்து. ஒரு கிண்ணத்தில் மட்டும் அந்தத் தண்ணீரைச் சேர்த்தாள். இரண்டையும் வலைத்துணியால் மூடினாள்.

"நாளைக்கு இதே நேரம், உயிரோட கெடக்குதத மட்டும் எண்ணிச் சொல்லுங்க. எல்லாம் செத்தா வீட்டச் சுத்தி ஊத்த உண்டாக்கித் தாறேன். ஒண்ணு மிஞ்சுனாலும் இது போராது."

பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் துணியை விலக்கிக் குனிந்தேன். என் நிழல் விழுந்தது. வெறும் தண்ணீரில் இருந்தவை எல்லாம் சட்டென்று அடிக்குப் போயின. மற்றதில் ஒன்றும் அசையவில்லை. தலைகீழாகத் தொங்கின, உயிரோடு தொங்குவது போலவே.

"செத்துதா?" மனைவி பின்னால் நின்றாள். சேலையை இழுத்துக் கையை மூடியிருந்தாள்.

ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். அசையவில்லை. அடுத்ததும் இல்லை. பிறகு ஒன்று, மிக மெதுவாக, என் பக்கம் திரும்பியது.

மனைவி உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் தொட்டு, அசைந்தவற்றை எண்ணிப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"உயிரோட எத்தன சித்தப்பா?"

"நாலு."