சௌல்தாரி மளிகைக் கடையின் கால் பக்க விளம்பரம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சென்னையில் மூட்டை தூக்கினேன். கார் நிக்கோபாரில் சாலை வேலை பார்த்துக் காய்ச்சலில் விழுந்தேன். பிறகு போர்ட் பிளேரில் ஓர் அச்சகத்தில் ஒட்டிக்கொண்டேன். தீவிலுள்ள கடைகளின் பெயர், தொழில், இடம் எல்லாவற்றையும் தொகுத்து வருடத்துக்கு ஒரு வியாபாரக் கையேடு போடுவார்கள். கடை கடையாக ஏறி விளம்பரம் பிடிப்பது என் வேலை. பெரும்பாலும் வாசலிலேயே விரட்டுவார்கள்.

போர்ட் பிளேருக்கு வெளியே சௌல்தாரியில் சாலையோரத் தகரக் கொட்டகையில் மளிகைக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, அவராகவே கூப்பிட்டார். அவருக்கு வேண்டியது வாடிக்கையாளர் அல்ல, பட்டா. கொட்டகை நின்றது சர்க்கார் நிலத்தில். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும்போதெல்லாம், “முதலாளி மெயின்லேண்ட் போயிருக்காரு, நான் சம்பளத்துக்கு நிக்கேன்” என்பார். வாங்க ஆளில்லாமல் நோட்டீஸ் திரும்பிப் போகும். அங்கே பல கடைகளில் இதுதான் வழக்கம்.

“என் போட்டோவோட போடு தம்பி. ‘சுனாமிக்கு முன்னாலிருந்தே இதே இடத்தில்’னு பெருசா எழுது. பட்டா கேக்கும்போது காட்ட பக்கா காகஜ், எழுத்துல ஒரு அத்தாட்சி வேணும்லா?”

“போட்டோ எதுக்கு அண்ணாச்சி? கடைப் பேரு போதுமே.”

“எலே, புஸ்தகத்துல வந்துட்டா எவன் அசைக்க முடியும்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். “முதலாளி மெயின்லேண்ட்லருந்து வந்துட்டாராக்கும்! சட்டையாவது மாத்தச் சொல்லுங்க.”

அவர் சொன்னபடியே விளம்பரம் வந்தது. நான் புத்தகம் கொடுக்கப் போயிருந்த அன்றே வருவாய்த் துறை அதிகாரியும் வந்து நின்றார். அண்ணாச்சி வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. புத்தகத்தை விரித்து நீட்டினார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“மாலிக் ஆப் ஹீ ஹை?”

“ஹாங் சாப், நான்தான் முதலாளி. பக்கா.”

“அச்சா.” அதிகாரி நோட்டீஸில் பெயரை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கிய பிறகுதான் அண்ணாச்சிக்கு விளங்கியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கெடு முடிந்ததும் ஜேசிபி வந்தது. அரிசியை மட்டும் வெளியே எடுக்க முடிந்தது. உப்பும் சர்க்கரையும் மழையில் கரைந்தன.

இப்போது அண்ணாச்சி போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் வேறொருவர் கடையில் பொட்டலம் கட்டுகிறார். அந்தம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். விளம்பரம் கேட்டு அந்தக் கடைத் தெருவுக்கும் நான் போகத்தான் வேண்டியிருக்கிறது.