சீட்டில் மூன்றாவது பெயர்

செத்துப்போன ஒருவருக்கு ஏழு வாரம் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். அவர் அந்தத் தெருவில் பட்டப்பகலில் நின்றதில்லை, அதனால் சிரிக்க முடிகிறது.

அம்மா மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தார். எங்கள் வீடு வில்லாபுரத்தில். அந்தப் பள்ளியின் டீச்சர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள். அது ஒவ்வொருவர் வீடாகச் சுற்றிவிட்டு வரும். "ஆளுக்கு ஒண்ணு வாங்கினா என்னவாம்?" என்று அப்பா கேட்டால், "ஆளுக்கு ஒண்ணு வாங்கினா யாரோட சண்டை போடுறது?" என்பார் அம்மா. அவர்கள் அதை வாங்கியதே அதில் வந்த ஒரு விண்வெளித் தொடர்கதைக்காகத்தான். சண்டையும் அதற்காகத்தான்.

வெண்மீன் என்ற விண்கலத்தைப் பற்றிய கதை அது. முன்பே மூன்று தொடர்கள் வந்து, மூன்றிலும் கலம் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பியிருந்தது. நாலாவது தொடரில் மற்ற எல்லோரும் கண்ணாடிப் பெட்டிகளில் நெடுந்தூக்கத்தில் கிடக்க, செவ்வந்தி என்ற ஒருத்தி மட்டும் விழித்திருந்து கலத்தை ஓட்டுகிறாள். எங்கிருந்தோ வந்த கல் ஒன்று மோதி வழி தப்பிவிடுகிறது. அவள் வாராவாரம் பூமியோடு பேசுகிறாள். யாரும் பதில் சொல்வதில்லை.

டீச்சர்கள் படித்து முடித்ததும் பக்க ஓரத்தில் தங்கள் கருத்தை எழுதிவிடுவார்கள். 'காற்றே இல்லாத இடத்தில் இவள் கூந்தல் எப்படிப் பறக்கிறது?' என்று அறிவியல் டீச்சர் கேட்டிருப்பார். 'இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எது என்று எப்படித் தெரியும்?' என்பது வேதபாட டீச்சரின் கவலை. விளையாட்டு டீச்சர், 'நாலு வாரமாக இவள் ஒரு வாய் சாப்பிடவில்லை' என்று எழுதியிருப்பார். என் அம்மா கதையை விட்டுவிட்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்துவார். ஒருமுறை பத்திரிகையின் கடிதப் பகுதியில் திருவாதவூர் விவசாயி ஒருவர், அந்தக் கலத்துக்குள் நெல் விதைத்தால் வேர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியால் அறிவியல் டீச்சரும் வேதபாட டீச்சரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

கணக்கு டீச்சர் மட்டும் ஓரத்தில் எழுதமாட்டார். பத்திரிகையின் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே படித்தவர் டிக் போட ஒரு கட்டம். அந்தச் சீட்டின் அடியில் கணக்கு டீச்சர், அடுத்த வாரம் கதையில் என்ன நடக்கும் என்பதைப் பச்சைக் கலர் பென்சிலால் ஒரு வரி எழுதிவைப்பார். சிவப்பில் எழுதினால் பிள்ளைகள் பயப்படும், பச்சை மை என்றால் பெரிய ஆபீசராக இருக்க வேண்டும், எனக்குப் பென்சில் போதும் என்பார். அவர் எழுதியது ஒருதரம்கூடத் தப்பியதில்லை. எப்படி என்று நான் கேட்டதற்கு, "கதையும் கணக்குதான் கண்ணு. குடுத்ததை வச்சுக் குடுக்காததைக் கண்டுபிடிக்கணும்" என்றார்.

சீட்டில் முதல் பெயர் தலைமையாசிரியை. இரண்டாவது அம்மா. மூன்றாவது கணக்கு டீச்சர். அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமை மத்தியானம் அம்மா படித்து முடித்ததும் நான் கொண்டுபோய், அவர் வீட்டு கேட்டில் பால் பாக்கெட்டுக்காகத் தொங்கும் மஞ்சள் பைக்குள் போட்டுவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது அதே பையிலிருந்து எடுத்துவர வேண்டும். டீச்சரின் கணவர் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தார். கண்டிப்பான ஆள். ஒருநாள் கேட்டருகே என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பி, "ஒங்க ராக்கெட்டுக் கதைக்காக ஒரு பிள்ளையை இம்புட்டு வெயில்ல நடக்க விடுறீகளே, நல்லாயிருக்கா?" என்று சத்தம் போட்டார். உள்ளேயிருந்து டீச்சர், "நீங்களும் ஒரு வாரம் படிச்சுத்தான் பாருங்களேன்" என்றார். "எனக்கு வேற வேலையில்ல" என்றபடி அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் டீச்சர் நீண்ட லீவு போட்டார். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியாக அவர் சீட்டில் எழுதியது அடுத்த வாரத்தைப் பற்றியதல்ல. 'இவள் திரும்பி வரமாட்டாள். குரல் மட்டும் வந்து சேரும்' என்று எழுதியிருந்தார். பத்து நாளில் டீச்சர் இறந்துவிட்டார். அவருடைய சொந்த ஊரில் அடக்கம் நடந்தது. டீச்சர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். என்னை அழைத்துப்போகவில்லை.

ஆனால் சீட்டில் அவர் இருந்தார். தலைமையாசிரியை சிக்கனக்காரர். வருஷத் தொடக்கத்திலேயே ஐம்பது சீட்டு ஜெராக்ஸ் எடுத்துவைத்துவிடுவார். புதிதாக எடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "இன்னும் முப்பது சீட்டு கெடக்கு. அம்புட்டையும் குப்பையில போடச் சொல்றீகளா?" என்றாராம். சரி, பெயரையாவது அடித்துவிடலாம் என்றால் ஒருவருக்கும் கை வரவில்லை. பள்ளியைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளின் பெயரைத்தான் அவர்கள் பதிவேட்டில் கோடு போட்டு அடிப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் பத்திரிகை. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதுதான் எனக்குக் கற்பித்த ஒழுங்கு. கொண்டுபோய்ப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன். எழுந்து கேள்விப்பட்ட அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! செத்தவுகளுக்கா கொண்டுபோய்க் குடுத்த? அந்த சார் பார்த்தா மனசு என்ன பாடுபடும்?"

போய்த் திரும்பக் கேட்க அவருக்கும் துணிவில்லை. மறுநாள் சர்ச் முடிந்ததும், சத்தம் காட்டாமல் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். பைக்குள் பத்திரிகை இருந்தது. மூன்றாவது கட்டத்தில் பச்சை டிக். சீட்டின் அடியில், நடுங்கிய எழுத்தில், பச்சையில் ஒரே ஒரு சொல்: 'வருவாள்.'

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பத்திரிகையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அந்தச் சீட்டைப் பார்த்து ஒருவரும் காப்பி குடிக்கவில்லையாம். எதையும் நம்பாத அறிவியல் டீச்சர் எழுந்துபோய் இரண்டுதரம் கை கழுவினார். வேதபாட டீச்சர் ஜெபம் செய்தார். "அவுகளுக்கு அந்தக் கதைன்னா உசுரு. உசுரு போயும் கதை போகலை" என்றார் விளையாட்டு டீச்சர். பத்திரிகை அனுப்புவதை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்ல, நிறுத்தினால் கேட்டுக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தொடர்ந்து அனுப்புவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. கொண்டுபோக வேண்டியவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

வாராவாரம் டிக் வந்தது. வாராவாரம் ஒரு வரியும் வந்தது. 'எதிரே இன்னொரு கலம் வந்து காப்பாற்றும்.' எந்தக் கலமும் வரவில்லை. 'பூமியிலிருந்து பதில் வரும்.' பதில் வரவில்லை. 'கணக்குப் போட்டுப் பார்த்தேன், எரிபொருள் போதும்.' அடுத்த வாரமே எரிபொருள் தீர்ந்து, செவ்வந்தி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். உயிரோடு இருந்தபோது ஒருதரமும் தப்பாத டீச்சர் இப்போது ஒருதரமும் சரியாகச் சொல்லவில்லை. எனக்கு அது பேயைவிடப் பெரிய திகிலாக இருந்தது.

"செத்துப்போனா கணக்கு மறந்துருமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சிரிக்கப்போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது கணக்குத் தெரிஞ்ச கை இல்லடி" என்றார். செத்தவர்களின் கையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் அவரைப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம், கரண்ட் கட். அந்தக் காலத்தில் கரண்ட் போனால் தெருவே மூச்சை நிறுத்திக்கொள்ளும். டிவி சத்தமில்லை, மின்விசிறிச் சத்தமில்லை, நாய்கூட எங்கோ நிழலுக்குப் போயிருந்தது. மஞ்சள் பை காலியாக இருந்தது. வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முன்னறை இருட்டில், தரையில், சுற்றி முடிந்ததும் டீச்சர் வாங்கிச் சேர்த்துவைத்திருந்த பழைய பத்திரிகைகள் வரிசையாகப் பரப்பியிருந்தன. நடுவே யாரோ குனிந்து உட்கார்ந்திருக்க, ஒரு பச்சைப் பென்சில் மெல்ல நகர்ந்தது. முகம் தெரியவில்லை. தெரிந்தது கண்ணாடி மட்டும். சிவப்பு மணி கோத்த சங்கிலி தொங்கும் டீச்சரின் கண்ணாடி. அதை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

"வருவா... வருவா..." என்று உள்ளே ஒரு முணுமுணுப்பு கேட்டது.

கம்பி கிரீச்சிட்டது. கண்ணாடி நிமிர்ந்து, இரண்டு வட்டமும் வெள்ளையாக என்னைப் பார்த்தது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அந்தத் தெருவிலேயே போய்விட்டது.

அன்று அம்மாவே போனார். வெகுநேரம் கழித்துப் பத்திரிகையோடும் என் செருப்போடும் வந்தார். என்ன பார்த்தார் என்று கேட்டதற்கு, "பயப்பட ஒண்ணுமில்ல. இனிமேயும் நீயே போ. நான் போனா நல்லாயிருக்காது" என்றார். அதற்குப் பிறகு பத்திரிகையை என்னிடம் தரும்போது சீட்டின் ஓரங்களை விரலால் நீவி நீவித் தந்தார்.

ஏழாவது வாரம் தொடர்கதை முடிந்தது. வெண்மீன் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து, பூமியில் ஒரு கிழட்டு ரேடியோப் பெட்டியில் செவ்வந்தியின் குரல் மட்டும் வந்து சேர்கிறது. 'நான் நன்றாக இருக்கிறேன், என்னைத் தேட வேண்டாம்' என்கிறது. அப்போது அவள் இறந்து வெகுகாலம் ஆகியிருக்கும் என்று கதை முடிந்தது. அம்மா படித்துவிட்டு, "இதை எப்படிடி அங்கே குடுத்தனுப்புறது?" என்றார். ஒரு மணி நேரம் வீட்டுக்குள் நடந்தார். பிறகு, "போயிட்டு வா. குடுக்காம விடுறது அதைவிடப் பாவம்" என்று என் கையில் தந்தார்.

போகும் வழியெல்லாம் எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. ஆறு வாரமாக ஒருவர் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டேயிருந்தால் யாராவது சொல்ல வேண்டாமா? கேட்டருகே யாரும் இல்லை. பையின் வாயை விரித்து, அதற்குள் முகத்தை வைத்து, "டீச்சர், நீங்க செத்துப்போயிட்டீங்க. அது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று சொன்னேன். பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் எடுத்தபோது பச்சை டிக் இருந்தது. அடியில் இப்படி எழுதியிருந்தது: 'நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு.'

பைக்குள் நான் சொன்னதற்குப் பதில் வந்துவிட்டது. டீச்சருக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்து, இப்போது என்னால்தான் தெரிந்தது, இனி என்னைச் சும்மா விடமாட்டார் என்று நினைத்தேன். பெட்டிக்கடை நிழலில் நின்று, பாவாடைப் பையில் இருந்த வாசனை ரப்பரை எடுத்து அந்த இரண்டு வரியையும் அழித்தேன். கலர் பென்சில் எளிதில் அழியாது. எச்சில் தொட்டு, தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தேன். எழுத்து போனது, ஒரு பச்சைக் கறை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கறையை ஆசிரியர் அறையில் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்களாம். "எழுத வந்திருக்காக, எழுத முடியாமப் போயிருச்சு. ஆத்துமா அடங்கிருச்சு" என்றார் தலைமையாசிரியை. மிச்சமிருந்த சீட்டுகள் எல்லாவற்றிலும் மூன்றாவது பெயரை ஸ்கேல் வைத்து நிதானமாக அடித்தார். எனக்கு விடுதலை. அடுத்த சனிக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனபோது மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க யாரோ அதன் விளிம்பைக் கேட் கம்பியோடு சேர்த்து ஒரு துணிக் கிளிப்பை மாட்டியிருந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

போன வருஷம் அம்மாவின் பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சீட்டு கிடைத்தது. 'இவள் திரும்பி வரமாட்டாள். குரல் மட்டும் வந்து சேரும்.' டீச்சரின் உறுதியான கையெழுத்து. அவர் எழுதியபோதே வீட்டில் இருந்தவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வரியோடுதான் ஆறு வாரமும் ஒருவர் 'வருவாள், வருவாள்' என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். வாழ்நாளில் ஒரு கதை படிக்காத மனிதர், படிப்பதற்கு மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. கடைசியில் அந்த மனைவியிடமே தோற்றுப்போனதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய 'நீ' நான் அல்ல. அதைப் படித்த ஒரே ஆளும் அழித்த ஆளும் நான்தான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வரிகளை அழித்த அன்று நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே பத்திரிகையை வாங்கிச் சீட்டைத்தான் முதலில் பார்த்தார். கறையை விரலால் தடவினார்.

"கடைசி வாரம் ஒண்ணுமே எழுதலையா?"

"இல்லம்மா."

"பாவம், அந்த மனுஷன். ஒரு வார்த்தை எழுதியிருந்தா மனசு ஆறியிருக்கும்."

எந்த மனுஷன் என்று நான் கேட்கவில்லை. பேய் போய்விட்டதா என்று மட்டும் கேட்டேன்.