கிருத்திகையன்று நான் சாப்பிடுகிறேன்

மயிலம் முருகனுக்குக் கிருத்திகை தவறாமல் பட்டினி கிடந்தவள் நான். அப்படி ஒரு கிருத்திகையன்று மலையிலிருந்து இறங்கும்போதுதான் முதன்முதலில் அந்த வயிற்றுவலி வந்தது. விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று என் மாமியார் முடிவுகட்டினார். செவ்வாய்க்கிழமைகளையும் சேர்த்துக்கொண்டேன். வலி இன்னும் அதிகமானது.

வலியில் தூக்கமே இல்லை என்றதும் திண்டிவனத்தில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை, இப்படியொரு நோயை அவர் பார்த்தே இருக்கமாட்டார். ஆனால் அதன்பிறகு கால்கள் துவண்டன. அடுத்து கைகள். கொண்டை போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. எங்கள் ஒலக்கூர்க் கொல்லையில் நாளெல்லாம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய கை! பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நரம்பு நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டாக்டர், என் சிறுநீரில் ஏதோ ஒரு கரைசலைக் கலந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரோஜா நிறமானது. மீதிச் சிறுநீரை ஜன்னல் வெயிலில் வைத்தார். சாயங்காலத்துக்குள் கருஞ்சிவப்பாகிவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

நோயின் பெயர் போர்ஃபிரியா (இரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளை உடல் தயாரிக்கும் வழியில் உண்டாகும் கோளாறு, அரைகுறையாய்த் தயாராகித் தேங்கும் பொருள்கள் நரம்புகளைத் தாக்கும்). பட்டினியும் சில தூக்க மாத்திரைகளும் அதைக் கிளறிவிடும். மூச்சுக்குரிய தசைகளும் துவண்டால் உயிருக்கே ஆபத்து. குளுக்கோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றினார்கள்.

"இனிமே ஒருவேளைகூடப் பட்டினி கூடாதும்மா. சோறுதான் உங்களுக்கு மருந்து" என்றார் டாக்டர்.

மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. "நான் வேண்டிக்கினேனே டாக்டர்! மருமக எழுந்து நடந்தா ஆயுசுக்கும் கிருத்திகைக்குப் பட்டினி கெடப்பான்னு."

"பட்டினி கெடந்தா அவங்க எழுந்தே நடக்கமாட்டாங்க."

மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவ சாப்புடட்டும். நான் கெடக்கறேன். யார் வயிறா இருந்தா இன்னா? முருகனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

கேப்பைக் கூழ் கொஞ்சம் தாமதமானாலும் வீட்டை இரண்டாக்குகிறவர் அவர். அடுத்த கிருத்திகை ஆஸ்பத்திரியிலேயே வந்தது. கஞ்சியைக் கண்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஜல்தி வாயத் தொற. நானே பசியில இருக்கேன், பேஜாரு பண்ணாத" என்று ஊட்டினார். அழுதுகொண்டே விழுங்கினேன்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கை கால் மெதுவாகத்தான் திரும்பும், பல மாதங்கள் ஆகும். ஆனால் திரும்பும். எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

முன்பெல்லாம் கிருத்திகையை என் வயிறு சொல்லும். இப்போது மாமியாரின் முறைப்பு சொல்கிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவரோடு மலையேறுகிறேன். பாதிப் படியில் அவர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார். நான் கையை நீட்டுகிறேன். திட்டிக்கொண்டே அதைப் பிடித்து எழுந்திருக்கிறார்.