சால்வைக்குள் மாவுக்கட்டு

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது வடக்கே பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலையில். எந்த மலை என்று கேட்டால் சொல்ல மாட்டார். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தெருவிலிருந்து மட்டும் நாலு வீட்டு ஆண்கள் இப்படி எங்கேயாவது ஒரு மலையில் இருக்கிறார்கள். அதனால் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பன் பட்டாளத்துக்குப் போன பிள்ளையைத் தெருவே எடுத்துக்கொள்ளும். பெற்றவளிடம் அனுமதியெல்லாம் கேட்க மாட்டார்கள்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஜடை பின்னுவது பக்கத்து வீட்டு மதினி. நான் பின்னினால் கோணலாக இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது பட்டாளத்து மாமா. ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சொந்தமெல்லாம் கிடையாது, தெருவுக்கே மாமா. ஒரு முறை எனக்குப் பதிலாகப் பெற்றோர் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். பிள்ளைகள் வரிசையில் நிற்கிற லட்சணத்தைப் பற்றி டீச்சரிடம் அரை மணி நேரம் பேசினார். கணக்குப் பாடத்தில் இவள் எப்படி என்று கேட்க மறந்துவிட்டார்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். இவர்கள் இல்லையென்றால் அந்த வேலைக்கு நான் போயிருக்கவே முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது, என்மேலும்தான்.

தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. மலையில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி போகக் கூடாது. போட்டது மாமாதான். காவலுக்கு நிற்கிறவன் கண் முன்னால் பார்க்க வேண்டுமாம், வீட்டுச் செய்தி போனால் பின்னால் பார்க்க ஆரம்பித்துவிடுமாம். அவர் காலத்தில் அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறார். அவன் என்ன ஆனான் என்று மட்டும் சொல்ல மாட்டார். அதற்குமேல் யார் எதிர்த்துப் பேசுவது?

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, விறகுக்குக் காய்ந்த பருத்திமார் ஏற்றி நின்ற டிராக்டரின் மேலே ஏறி என் மகள் கீழே விழுந்தாள். இடது கை ஒடிந்துவிட்டது. நான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, மாமாவும் மதினியும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டே போட்டு முடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை, மாதுளம்பழம் தின்றுகொண்டிருந்தாள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும், நாளைக்குத்தான் பிரச்சினை என்றார். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு என் கணவர் வீடியோவில் வருவார்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மாமா வீட்டு மாடிப்படியில் ஐந்தாவது படியில்தான் கிடைக்கும். ஆகவே நாங்கள் குடும்பமாகப் பேசுவது தெருவே சுற்றி நிற்கும்போதுதான். அன்றைக்கு நாலரை மணிக்கே ஒத்திகை தொடங்கியது. மகள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று மாமா படியில் சாக்பீஸால் கோடு கிழித்தார். போனைப் பிடிப்பது மதினியின் பொறுப்பு. வலது கையால்தான் டாட்டா காட்ட வேண்டும். கட்டுக்கு மேலே ஒரு சால்வை.

என் கணவர் பார்த்தவுடன் சால்வை எதற்கு என்றுதான் கேட்டார். மாமா பின்னாலிருந்து இங்கேயும் குளிருகிறது என்றார். பங்குனி வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பனிக்குள் உட்கார்ந்திருந்த மனுஷன் அதை நம்பினார். நம்பிவிட்டு, பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். "நல்லா இருக்கேம்ப்பா" என்று மகள் சொன்னதும் தெருவே அவளைத் தட்டிக்கொடுத்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டாம் முறை சால்வையை அவளே இழுத்துவிட்டுக்கொண்டாள். கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வீடியோ வரவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. நெட்டு சரியில்லை, நான் நல்லா இருக்கேன் என்றார். மகள் படியிறங்கிப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சோற்று டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. மதினி முட்டை அவித்துக் கொடுத்தாள், மாமா பரோட்டா வாங்கி வந்தார், எதிர்வீட்டிலிருந்து கேசரி வந்தது. எதையும் தொடவில்லை. கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கை வலிக்கிறதா என்று எல்லோரும் கேட்டோம். இல்லை என்றாள். கன்னம் ஒட்டிப்போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தையும் மலைக்குச் சொல்லக் கூடாது.

மறு ஞாயிறும் குரல் மட்டும்தான். அவர் நல்லா இருக்கேன் என்று ஆரம்பிப்பதற்குள் மகள் போனை வாங்கினாள்.

"அப்பா, ஒங்களுக்கு எந்தக் கை?"

அவருக்கு விளங்கவில்லை. என்ன கை என்று கேட்டார்.

"ஒடிஞ்ச கை. எனக்கு எடது கை. சால்வயப் போட்டு மூடிக்கிட்டு நல்லா இருக்கேன்னு சொன்னேன். நீங்க வீடியோவ அமத்திட்டு நல்லா இருக்கேங்கிறீக. எந்தக் கைப்பா?"

மாமா போனை வாங்கக் கையை நீட்டினார். அவருக்கு முன்னால் நான் பிடுங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் அவரை முந்திக்கொண்டு யாரும் எதையும் எடுத்ததில்லை. டிராக்டர், ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் என் கணவரிடம் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு பிள்ளையிடம் போனைக் கொடு என்றார்.

வேறு என்னவெல்லாம் தன்னிடம் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாங்கள் வளர்த்த கிடாக்குட்டி செத்துப்போய்விட்டது. கணக்கில் மார்க் குறைவு. பட்டாளத்து மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஊசி போட்டார்கள். இது எனக்கே செய்தி. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பறம், அம்மா குளிக்கப் போனா கொழாயத் தெறந்து விட்டுட்டு அழுகும். தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கத்தான் வருது. அம்புட்டும் வீணாப் போகுது."

யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரே நிற்கிற படியில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மதினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் மகள்.

அவர் சொன்னார்: "கை நல்லாருக்கு தாயி. காலும் நல்லாருக்கு. நெட்டுதான் இல்ல. ராத்திரி தனியா நிக்கையில பயமா இருக்கும்."

பட்டாளத்துக்காரன் வீட்டுக்குச் சொல்லக் கூடாத வார்த்தை அது. மாமா ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பேசி முடித்து வீட்டுக்கு நடக்கும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் கை ஒண்ணும் ஆகலம்மா" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பயமா இருக்குன்னு சொல்லிட்டாகள்ல. அப்ப மத்ததும் நெசந்தான்."

வீட்டுக்குள் போனதும் பசிக்கிறது என்றாள். காலையில் சுட்ட இட்லி நாலு மீந்திருந்தது, நாலையும் தின்றாள்.