ஐந்நூற்றில் நூற்றுப் பன்னிரண்டு

நான் மடக்குக் கத்தி சேர்ப்பவன். மும்பை மாட்டுங்காவில் பல வருஷமாக வேரூன்றிய பாலக்காட்டுக் குடும்பம் எங்களுடையது. வெண்டைக்காயைவிடப் பெரிய எதிரியை நாங்கள் வெட்டியதில்லை. அதற்கும் வீட்டில் அரிவாள்மணை இருக்கிறது. ஆனாலும் ஹாலில், சாமி அலமாரிக்கு எதிரே, ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கத்திகளை வைத்திருக்கிறேன். அவற்றில் எதுவும் இதுவரை ஒரு கொய்யாப்பழத்தைக்கூடத் தொட்டதில்லை. தொட்டால் மதிப்புப் போய்விடும். இதை மனைவிக்கு விளக்கப் பார்த்த நாட்களில் எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

கத்திக் கம்பெனிக்காரர்களுக்கு வெட்கம் கிடையாது. பிடியின் நிறத்தை மாற்றி, பண்டிகைக்கு ஒரு பளபளப்பான டப்பாவில் போட்டு, மேலே ‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சடித்துவிடுவார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை செய்துகொண்டே இருப்பார்கள். அதில் லிமிட் எங்கே இருக்கிறது? நிஜமான லிமிடெட் எடிஷன் என்றால் இத்தனைதான் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சொன்னபடி நிறுத்த வேண்டும். காலில் விழுந்து கேட்டாலும் மறுபடி செய்யக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்க வேண்டும். இதுவரை எல்லாக் கத்திப் பைத்தியங்களும் ஒத்துப்போவோம். அந்த எண் எஃகில் இருக்க வேண்டுமா, கூட வரும் சர்டிபிகேட்டில் இருந்தால் போதுமா என்று கேட்டால் மட்டும் அடிதடி.

என் மகள் வாஷியில் வேலை பார்க்கிறாள். குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறிப் போகிற வழியில், செம்பூரில் ஏறும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனும் பாலக்காட்டு வகையறாதான். ஆகவே எதிர்ப்பதற்கு எங்களுக்குக் காரணமே கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. குடும்பத்தை நேரில் பார்த்த பிறகுதான் சரியோ இல்லையோ சொல்வேன் என்றாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

“அப்பா, ப்ளீஸ். கத்திப் பேச்சே எடுக்காதே. அவரும் கலெக்ட் பண்றவர். நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சா என் கல்யாணம் காலி” என்றாள் மகள்.

அவரும் சேர்க்கிறார் என்பதை என்னிடம் சொல்லியே இருக்கக் கூடாது. சொல்லிவிட்டுப் பேசாதே என்றால் எப்படி?

வந்தார்கள். அப்பா, அம்மா, பையன். கேசரி ஆயிற்று, பஜ்ஜி வந்தது. பையனின் அப்பாவுடைய பார்வை என் அலமாரிப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தது. நான் எத்தனை நேரம்தான் கேசரியைப் பற்றியே பேசுவது?

“அதுல ஒண்ணு லிமிடெட் எடிஷன்” என்றேன். மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“ஏன்னா! கையில கொடுக்காதேங்கோ!” என்று மனைவி கத்தினாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்வத்தில் மறந்துவிட்டேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்பர் எங்கே?”

“சர்டிபிகேட்ல இருக்கு.”

சிரித்தார். “பேப்பர்லயா? தாதர்ல ஜெராக்ஸ் கடைக்காரன்கூட அடிச்சுக் கொடுப்பான். இது லிமிடெட் எடிஷனே இல்லை.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “உங்க பையனோட பர்த் சர்டிபிகேட்டும் பேப்பர்தானே. அவன் முதுகுல நம்பர் பொறிச்சா வச்சிருக்கேள்?”

பையனின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். கொண்டுவராதே என்று அவர் வீட்டிலும் தலைபாடாக அடித்துக்கொண்டார்களாம்; பிறகு தெரிந்தது. பெட்டியின் மூடியில் ‘ஐந்நூறு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் தங்க எழுத்து.

“இதுல எஃகுலேயே நம்பர். வாங்கினதுலேர்ந்து மடக்கைத் திறந்ததே இல்லை. மும்பைக் காத்து பட்டா துரு பிடிச்சுடும். இன்னிக்கு உங்களுக்காகத் திறக்கறேன்.”

கத்தியை வெளியே எடுத்து, அலகை நகத்தால் நெம்பித் திறந்தார். சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியைச் செம்பூரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். என் மனைவி முறைத்த முறைப்பில் கத்தியை டீப்பாயில் வைத்தார். “நீங்களே வாசிங்கோ. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

எடுத்துப் பார்த்தேன். பிடியோடு சேரும் இடத்தில், அலகின் மேல், பொடி எழுத்தில் 612.

ஐந்நூறு பேர் பந்தியில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது இலை! போலிச் சரக்கு. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். டிராம்பேயில் வேலை பார்த்த காலத்தில் பிரமோஷன் வந்தபோதுகூட அப்படி வரவில்லை. என்ன சொல்வது, எந்தக் குரலில் சொல்வது, சொன்ன பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது, எல்லாம் தயார். வாயையும் திறந்துவிட்டேன்.

மகள் சமையலறை வாசலில் காபியோடு நின்றாள். கத்தியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூத்துப் பன்னெண்டு” என்று படித்தேன்.

போதாததற்கு, “ரொம்ப முன்னாடி நம்பர். அபூர்வம்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த பஜ்ஜியை எல்லாம் ஒருவராகவே தீர்த்தார். தாம்பூலம் வாங்கிக்கொண்டு, ஆத்துக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“கண்ணாடி போட்டுண்டு பார்த்தேன்” என்றார்.

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கேலி செய்தேன் என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

“படிக்கறச்சே உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லலை? பர்த் சர்டிபிகேட் கேட்ட வாய்க்கு அது அல்வா மாதிரி ஆச்சே.”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொண்ணு பார்த்துண்டு நின்னா.”

அவர் தொண்டையைச் செருமினார். “டாக்ஸில திரும்பி வரச்சே உங்களைப் பத்தி என்னென்னவோ சொல்லிண்டு வந்தேன். அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். நம்பர் நூத்துப் பன்னெண்டாவே இருக்கட்டும். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்கோ.”

மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு” என்றார் அவர். “உங்க கத்தி லிமிடெட் எடிஷன் இல்லை. அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.”

மகளின் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

“இல்லைதான், சம்பந்தி” என்றேன்.