நூர்முகமது பாய் கூடாரம் பார்த்த கதை

புதுப்பட்டினத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால், பந்தல் நூர்முகமது பாயா என்று கேட்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கத்துக்கு அப்பால் வரைக்கும் முப்பது வருஷமாக அவர் போட்ட பந்தல் ஒன்றுகூடக் காற்றில் விழுந்ததில்லை. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. டிவியில் புயல் சின்னம் என்று சொன்னால் போதும், பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தாலும் சரி, பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார். "விழறதுக்கு முன்னாடி நானே எறக்கிட்டா அது விழுந்ததா ஆவாதுல்ல" என்பார்.

படிப்பு அஞ்சாவது வரை. தொழுகை அஞ்சு வேளையும். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பந்தலுக்கு வருகிற விருந்தாளி தலை குனிந்து நுழையக் கூடாது. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒருத்தர் மொய் வைக்க வந்தாலும் தலையில் துணி இடிக்காது, அவ்வளவு உயரம்.

அவருடைய ஒரே மகள் ஃபைஸா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸில் நாலு பெண்கள் சேர்ந்து இமாசலப் பக்கம் பனிமலை ஏறி, அங்கேயே கூடாரம் போட்டுத் தங்குவதென்று முடிவு செய்தார்கள். மற்ற ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கூடாரம் இருந்தது. ஃபைஸாவுக்கும் அவளோடு தங்கப் போகிற விஷாகாவுக்கும் இல்லை. அதை யார் கொண்டுவருவது என்ற பேச்சே எழவில்லை. "உங்க அப்பாகிட்டதான் டெண்ட் கொட்டிக் கிடக்கே!" என்று விஷாகா முடித்துவிட்டாள். எங்க அத்தாவிடம் இருப்பது முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது, நடுவில் சர விளக்கு வேறு தொங்கும் என்று ஃபைஸா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டில் அதைவிடப் பெரிய மலை ஒன்று இருந்தது. ஃபைஸாவின் அம்மா சம்சாத் பேகம்.

"பனியில போய்ப் படுக்கப் போறியா? வூட்ல ஃபேன ரெண்டுல வெச்சாலே போர்வையத் தேடறவ நீ. ராவுல கூடாரம் தலை மேல வுழுந்தா யாரு தூக்குவா? விசாகாவா?"

ரெண்டு நாள் வீட்டில் கரண்டிகள் மட்டும் பேசிக்கொண்டன. மூணாம் நாள் சம்சாத் பேகம் இறங்கி வந்தாள், ஒரு படிதான்.

"சரி. கூடாரத்த வாங்கியாங்க. நான் உள்ள உக்காருவேன். பனி, காத்து எல்லாத்தையும் எனக்கு இங்கயே காட்டணும். நான் நனையாம வெளிய வந்தா அவ போவட்டும். நனைஞ்சா இந்தப் பேச்ச இதோட வுட்டுடணும்."

டிக்கெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஃபைஸா அத்தாவைப் பார்த்தாள். "பந்தல் சமாசாரத்த எங்கிட்ட வுடும்மா" என்றார் நூர்முகமது. அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

ஓ.எம்.ஆர் சாலையில் மலையேறுகிறவர்களுக்கென்றே ஒரு கடை. பார்த்திபன் என்கிற தம்பி, மரியாதையான பையன், ஒரு ஆரஞ்சு நிறக் கூடாரத்தைத் தரையில் விரித்துக் காட்டினான்.

"இது ஃபோர் சீசன் சார். வருஷம் பூரா, பனிக்கும் தாங்கும்."

"நாலு சீசன்னா?" என்றார் நூர்முகமது. "நம்மூர்லயும் நாலுதாம்பா. வெயிலு, கத்திரி வெயிலு, மழை, புயலு. நம்ம சாமியானா நாலையும் பாத்துகீது."

"புயலுக்குத்தான் நீங்க பிரிச்சுடுவீங்களே அத்தா" என்றாள் ஃபைஸா.

அதைக் கேட்காதவர் போலக் கூடாரத்தைச் சுற்றி வந்தார். கம்பி சுண்டு விரல் தடிமன்கூட இல்லை. உயரமோ அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

"இன்னா தம்பி இது, கோழி அடைக்கறதா? எம்பொண்ணு நின்னு தொழ வேணாம்?"

"உயரம் கம்மியா இருந்தாத்தான் சார் காத்து மேல வழுக்கிட்டுப் போகும். கம்பிங்க குறுக்க குறுக்க போகுது பாருங்க, அதுதான் பனியோட பாரத்தத் தாங்கும்."

நூர்முகமதுவின் கண் அதற்குள் கடைக்கோடிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு நீலக் கூடாரம் நின்றது. ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஜன்னல் உண்டு, கூரையில் கொசுவலை உண்டு, வாசலில் சின்னதாக ஒரு முகப்புகூட உண்டு. சீரியல் விளக்கு மட்டும்தான் பாக்கி.

"அது பீச்சுல குடும்பமாப் போறவங்களுக்கு சார்" என்றான் பார்த்திபன், பயந்துகொண்டே.

"முப்பது வருசமா இதே தொழில்லதான் கீறேன் தம்பி."

அவர் நீலக் கூடாரத்தையே எடுக்கச் சொன்னார். ஃபைஸா மட்டும் ஆரஞ்சுக் கூடாரத்தின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பார்த்திபன்தான் வழி சொன்னான். அந்தக் கடையில் வாடகைக்கும் தருவார்களாம், ரெண்டையும் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாமாம். வாடகைக்கு விட்டே நரைத்த மனிதர் முதல்முறையாக வாடகைக்கு எடுத்தார். "கிழிஞ்சா நீங்கதான் பொறுப்பு சார்" என்று, அவர் எல்லோரிடமும் சொல்கிற வாசகத்தைப் பார்த்திபன் அவரிடமே சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தல் சாமான் வைக்கிற குடோனுக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் பரீட்சை. காற்றுக்கு, கல்யாண மண்டபத்தில் வைக்கிற ராட்சச ஃபேன் ரெண்டு. பனிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, அவருடைய பந்தல் ஆட்களில் மூத்தவன் கண்ணாயிரம்தான் யோசனை சொன்னான். சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை உடைத்துத் தூளாக்கி, குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். அதோடு அந்த வட்டாரத்துப் பூனைகளும் காக்கைகளும் வந்து சேர்ந்தன.

நீலக் கூடாரத்தை நூர்முகமதுவே நின்று கட்டினார். சம்சாத் பேகம் தஸ்பீஹ் மணியோடு, நிமிர்ந்தபடி, ஒரு கல்யாணப்பெண்ணின் தாயாரைப்போல உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடம் நல்லாத்தான் கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நூர்முகமது மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்பதுபோல. பிறகு, "ஃபேனப் போடு!" என்றார்.

கூடாரம் பலூன் மாதிரி உப்பியது. முளைகள் மணலில் பல்லாடுவதுபோல ஆடின.

"பாய், ஐஸ் போடலாமா?" என்றான் கண்ணாயிரம்.

"பிஸ்மில்லா சொல்லிப் போடு."

"நான் முருகான்னு போடறேன் பாய், அதே பனிதான்" என்று அன்னக்கூடையைத் தூக்கிக் கவிழ்த்தான்.

முதல் கூடையில் கொசுவலை வழியாகத் தண்ணீர் சொட்டியது. "ஏங்க, மழை உள்ள வருதுங்க!" ரெண்டாவது கூடையில் கூரை தொட்டில் மாதிரி தொங்கியது. "ஃபைஸாவோட அத்தா! பூன ஒண்ணு ஜன்னல்ல எட்டிப் பாக்குது. இமயமலையில பூன கீதா?" மூணாவது கூடை விழவும் ஒரு கம்பி 'டக்'கென்று கழன்றது. ஒரு பக்கம் சாய்ந்ததும் ஃபேன் காற்று அடியில் புகுந்தது. நீலத்துணி ஒரு தடவை எழுந்து, நன்றாக மூச்சு வாங்கி, சம்சாத் பேகத்தின் மேல் படுத்துக்கொண்டது.

துணிக்குள் ஒரு மேடு அலைந்தது. "யா அல்லாஹ்! கதவு எங்கடா?"

நாலு பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். முக்காடு முழுக்க ஐஸ். தோளில் ஒரு நெத்திலி. காக்கை ஒன்று அதைக் குறி வைத்து வந்தது. சிரிக்கக் கூடாதென்று கண்ணாயிரம் திரும்பி நின்று ஃபேனை அணைத்தான், ரொம்ப நேரம் அணைத்தான்.

சம்சாத் பேகம் நெத்திலியை எடுத்துப் பூனைக்குப் போட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அவ போவல. பேச்சு முடிஞ்சிடுச்சு."

ஃபைஸா சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் குனிந்து ஈரத்துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, அத்தா மடிப்பது மாதிரியே. நூர்முகமதுவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கிட்ட வுடு என்று சொன்னது அவர். அவரை நம்பியவள் அவள்.

"சம்சாத், தப்பு என்னுது" என்றார், ஆட்கள் எல்லாம் கேட்க. "கல்யாணத்துக்கு வரவங்களுக்கு அளவெடுத்துட்டேன். மலைக்கு எடுக்கல. இன்னொன்னு கீது. அதுல நான் உக்காறேன். நீ வெளிய நின்னு பாரு."

"ஐஸ் உருகிடும் பாய், சீக்கிரம்" என்றான் கண்ணாயிரம்.

ஃபைஸா ஆரஞ்சுக் கூடாரத்தை யார் உதவியும் இல்லாமல் கட்டினாள். கம்பிகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக ஏறின. துணி தரை வரைக்கும் இறங்கி இறுகியது. கவிழ்த்துப்போட்ட சட்டி மாதிரி உட்கார்ந்தது. உச்சியில் சின்னதாக ஒரு காற்று வழி இருப்பதை நூர்முகமது அப்போதுதான் கவனித்தார். பந்தலின் பக்கத்துணியில் அவரே கிழித்து விடுகிற வழி மாதிரிதான். இதைக் கடையில் பார்க்காமல் நீலக் கூடாரத்து வாசலின் முகப்பைப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. கைலியைச் சுருட்டிக்கொண்டு, மண்டியிட்டு, தவழ்ந்து உள்ளே போனார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு பந்தலுக்குள் அப்படிப் போனதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கண்ணாயிரம் மறுபடி ஃபேனைப் போட்டான். நூர்முகமது உள்ளே ஜிப்பை இழுத்ததும் சத்தம் பாதியாகிவிட்டது. ஐஸ் விழுந்தது. தொம். கொஞ்ச நேரம் நின்று, பக்கவாட்டில் சரசரவென்று வழுக்கிப் போனது. மறுபடி தொம். கூரை அசையவில்லை. அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். தலைக்கு மேல் நாலு விரல் இடம் இருந்தது. குனிந்து பார்த்தார். நெற்றி தரையில் பட சஜ்தா செய்ய இடம் கச்சிதம். தொழுகைக்குக் கை கால் கழுவிய ஒளூவோடுதான் இருந்தார். உட்கார்ந்தபடியே ரெண்டு ரக்அத் உபரித் தொழுகை தொழ ஆரம்பித்தார்.

வெளியே பத்துக் கூடை முடிந்தது. "ஏங்க!" என்றாள் சம்சாத் பேகம். பதில் இல்லை. "ஏங்க, உசுரோட கீறீங்களா?" பதில் இல்லை. "ஃபேன நிறுத்து கண்ணாயிரம்!" என்று கத்திவிட்டு, ஐஸையும் பூனைகளையும் மிதித்துக்கொண்டு ஓடி, ஜிப்பைத் திறந்து தவழ்ந்து போனாள்.

நூர்முகமது தொழுகையை முடித்து சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினார். ஆரஞ்சுத்துணி. இடப்பக்கம் திரும்பினார். ஒரு சாண் தூரத்தில் மனைவியின் முகம்.

"கூப்ட்டா வாயத் தொறக்க மாட்டீங்களா? எனக்கு உசுரே போயிடுச்சு."

"தொழுதுகினு இருந்தேன்."

"இதுக்குள்ளயா?"

"நிக்க முடியாத எடத்துல உக்காந்து தொழ அல்லாஹ் சலுகை குடுத்துகீறான். நான்தான் இந்தக் கூடாரத்துக்குக் குடுக்கல."

சம்சாத் பேகம் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தாள். உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பார்த்தாள். வெளியே சில்லென்று ஐஸ், உள்ளே சொட்டு ஈரம் இல்லை. தரையைத் தடவினாள். மூலைக்கு மூலை விரலை விட்டுப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து ஆட்டினாள். பிறகு, "கண்ணாயிரம்! ஃபேனப் போட்டு இன்னும் கொட்டு!" என்றாள்.

"அவ்ளோதான் பாயம்மா, பெட்டிய வழிச்சுக் கொட்றேன்!"

மிச்சமும் விழுந்தது. ரெண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க, அது வழுக்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சம்சாத் பேகம் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். ஃபைஸா துப்பட்டா நுனியை முறுக்கியபடி எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த விசாகாப் பொண்ணு கொறட்ட வுடுமா?"

ஃபைஸாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "இல்லம்மா. அவ விட மாட்டா."

"நீ வுடுவ. கெளம்பறதுக்கு முன்னாடியே அதுகிட்ட சொல்லி வெச்சிடு."